ஈறு அறிந்தால் பொருள் விளங்கும்

கற்றல் நோக்கம்: நீண்ட ஆங்கிலச் சொற்களைப் பிரித்துப் பொருள் காணுதல், அவற்றுக்கு இணையான தமிழ்ச் சொற்களின் அமைப்பை அறிதல்.

புணே மாவட்டத்துத் தளேகாவில் வாழும் தமிழ் மாணவர்களுக்கு வீட்டில் தமிழ், வீதியில் மராத்தி, வகுப்பில் இந்தியும் ஆங்கிலமும் பழக்கம். அத்தகைய மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். ஊரிலிருந்து வந்துள்ள அவளுடைய பாட்டிக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. தாயும் மகளும் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கின்றனர். அங்கே வரிசையாகப் பலகைகள்: ஆஃப்தால்மாலஜி, டெர்மட்டாலஜி, கார்டியாலஜி, நியூராலஜி. மருத்துவர் தந்த சீட்டில் ‘ஆர்த்ரைட்டிஸ்’ என்று எழுதியிருக்கிறது.

“கண்ணு, இதிலே என்ன எழுதியிருக்கு?” என்று பாட்டி கேட்கிறார். மாணவியால் அச்சொல்லைப் படித்துக் காட்ட முடிகிறது. பொருள் சொல்ல முடியவில்லை. படிக்கத் தெரிவது வேறு, பொருள் தெரிவது வேறு அன்றோ?

1. ‘லஜி’ என்னும் ஈறு

ஆஃப்தால்மாலஜி என்னும் சொல்லில் ஆங்கில எழுத்துகள் 13 உள்ளன. கண்டவுடன் மலைக்க வேண்டா. மேற்கூறிய நான்கு பலகைச் சொற்களும் எல், ஓ, ஜி, ஒய் என்னும் நான்கு எழுத்துகளில் முடிகின்றன. இவ்வீறு ‘லோகோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. அதற்குச் சொல், உரை என்பன பொருள். ஒன்றைப் பற்றி ஆராய்ந்து உரைக்கும் துறை என்பது ‘லஜி’ குறிக்கும் பொருளாயிற்று.

சொல்லின் முற்பகுதி எதைப் பற்றிய துறை என்பதை உணர்த்தும். கிரேக்கத்தில் ‘ஆஃப்தால்மாஸ்’ கண், ‘டெர்மா’ தோல், ‘கார்டியா’ இதயம், ‘நியூரான்’ நரம்பு. முன்னும் பின்னும் சேர்த்துப் பாருங்கள், பூட்டுத் திறந்துகொள்ளும்.

தமிழில் இதே பணியை ‘இயல்’ என்னும் சொல் செய்கிறது. மராத்தியில் ‘சாஸ்த்ர’ என்பது அவ்வாறு வரும்.

பயாலஜி – ஜீவசாஸ்த்ர – உயிரியல்
சைக்காலஜி – மானசசாஸ்த்ர – உளவியல்

‘இயல்’ இன்று புதிதாகப் படைத்த சொல்லன்று. தொல்காப்பியத்தில் அதிகாரத்துக்கு ஒன்பதாக 27 இயல்கள் உள்ளன. அவற்றுள் இறுதி இயலின் பெயர் ‘மரபியல்’. பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்கு வருவதை ஆராயும் ஜெனட்டிக்ஸ் துறையையும் இன்று மரபியல் என்றே வழங்குகிறோம். பழைய பெயர் புதிய அறிவைத் தாங்கி நிற்கிறது.

2. ‘ஐட்டிஸ்’ என்னும் ஈறு

இனிப் பாட்டியின் சீட்டுக்கு வருவோம். ‘ஆர்த்ரான்’ என்றால் மூட்டு. ஐ, டி, ஐ, எஸ் என்னும் நான்கு எழுத்துகளில் நோய்ப்பெயர் முடிந்தால், அது பெரும்பாலும் அழற்சியைக் குறிக்கும். உறுப்புச் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிப்பதே அழற்சி. ஆகவே ஆர்த்ரைட்டிஸ் என்பது மூட்டழற்சி. அவ்வாறே டான்சிலைட்டிஸ் தொண்டையிலுள்ள டான்சிலின் அழற்சி. அப்பெண்டிசைட்டிஸ் குடல்வால் அழற்சி.

அழல் என்றால் நெருப்பு. அதிலிருந்து ‘அழற்சி’ பிறந்தது. ஆங்கிலத்தில் இதனைக் குறிக்கும் ‘இன்ஃப்ளமேஷன்’ என்னும் சொல்லுக்குள்ளும் தீச்சுடர் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் உள்ளது. மராத்தியில் ‘தாஹ்’ என்பர். அதற்கும் எரிதல் என்பதே பொருள். மொழிகள் மூன்றாயினும், நோயுற்றவர் உணர்ந்த எரிச்சல் ஒன்றே.

3. சொல் தேடிய மருத்துவர்

இத்தகைய சொற்களுக்குத் தமிழ் காண முயன்றவர்களுள் ஒருவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884). அமெரிக்கரான இவர் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பின்னர்த் தமிழிலேயே கற்பித்தார். அதற்கெனத் தமிழில் மருத்துவ நூல்களை உருவாக்கினார்.

அவர் ஒரு முறையைக் கைக்கொண்டார். முதலில் தமிழில் சொல் தேடுவார். கிடைக்காவிடில் வடமொழியில் தேடுவார். அங்கும் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றிக்கொள்வார். இவ்வாறுதான் கெமிஸ்ட்ரி நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்னும் பெயர் அமைந்தது. இன்று நாம் வேதியியல் என்கிறோம். நோயைத் தம் மொழியில் அறிவது நோயாளியின் உரிமை அன்றோ? அதற்கு மருத்துவரும் அம்மொழியில் கற்றிருத்தல் நன்று.

4. ஓர் எச்சரிக்கை

ஈறு ஒத்திருப்பதாலேயே பொருளும் ஒத்துவிடாது. ‘அப்பாலஜி’ என்பதும் அதே நான்கு எழுத்துகளில் முடிகிறது. அஃது எத்துறையும் அன்று; மன்னிப்புக் கோருதல். ஆதலின் பிரித்துப் பார்த்தபின் அகராதியையும் பார்த்தல் வேண்டும். மருத்துவச் சொல்லாயின் மருத்துவரிடமே கேட்டு உறுதி செய்தல் வேண்டும்.

மாணவி இப்போது பாட்டியிடம், “மூட்டுல அழற்சியாம், பாட்டி. அதனாலதான் வீங்கி எரியுது” என்கிறாள். “எரியறது எனக்குத் தெரியும், அதுக்குப் பேரு இப்பத்தான் தெரியுது” என்கிறார் பாட்டி.

இலக்கணம் அறிவோம்

நரம்பு + இயல் = நரம்பியல் (ஈற்று உகரம் கெட்டது)
மூட்டு + அழற்சி = மூட்டழற்சி (ஈற்று உகரம் கெட்டது)
இதயம் + இயல் = இதயவியல் (மகரம் கெட்டு, வகர உடம்படுமெய் தோன்றியது)

பயிற்சி

அ. ‘ஹெப்பார்’ என்றால் கல்லீரல். ‘ஹெப்பட்டைட்டிஸ்’ என்பதன் பொருள் யாது?
ஆ. உயிரியல், உளவியல் – பிரித்து எழுதுக.
இ. ‘டெலி’ என்றால் தொலைவு. டெலிஃபோன், டெலிஸ்கோப், டெலிவிஷன் ஆகியவற்றின் தமிழ்ப் பெயர்களை எழுதி, அவற்றில் பொதுவாக வரும் சொல்லை அடிக்கோடிடுக.
ஈ. உம் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் மூன்று நோய்களுக்கு அவர் ஊரில் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதுக.