சாசேஜ் இருந்த இடத்தில் எதை வைப்பது?

காலை ஏழரைக்குப் பள்ளி வேன் வந்துவிடும். ஃப்ரீசரிலிருந்து சிக்கன் சாசேஜை எடுத்துத் தவாவில் நாலு புரட்டு புரட்டினால் டிபன் பாக்ஸ் தயார். சாசேஜ், சலாமி, ஹாம், நக்கெட் எல்லாம் நம் வீடுகளுக்குள் நுழைந்ததற்கு ருசியைவிட இந்த வேகம்தான் பெரிய காரணம். மாற்று தேடுகிறவர்கள் சத்துக்கணக்கை மட்டும் பார்த்தால் ஒரே வாரத்தில் பழைய பாக்கெட்டுக்கே திரும்பிவிடுவார்கள். காலை அவசரத்துக்கு எது ஈடுகொடுக்கும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எதற்காக மாற வேண்டும்? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2015 அக்டோபரில் பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டு வந்தால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றது. சிகரெட்டும் அதே பிரிவில்தான் இருக்கிறது என்பதால் இரண்டும் ஒரே ஆபத்து என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது சரியல்ல. ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதை வைத்துத்தான் அந்தப் பிரிவு. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை வைத்து அல்ல. 18 சதவீதம் என்பதும் ஏற்கெனவே ஒருவருக்கு இருக்கும் வாய்ப்பின் மேல் கூடுவது. எப்போதோ பிறந்தநாள் விருந்தில் தின்ற ஹாட் டாக்கை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தினசரி டிபன் பாக்ஸ்தான் கவலைக்குரியது.

கோழிக்கறியை வீட்டில் வேகவைத்தால் வெளுத்துப்போகும். கடையில் வாங்கும் ஹாம் மட்டும் வெந்த பிறகும் ரோஸ் நிறத்திலேயே இருக்கிறதே, எப்படி? சோடியம் நைட்ரைட்டின் வேலை அது. கறியிலுள்ள மயோகுளோபினோடு சேர்ந்து நிறத்தைப் பிடித்து வைக்கிறது. பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமியையும் தடுக்கிறது. அதனால் கம்பெனிக்காரர்கள் அதை வெறும் அழகுக்காகச் சேர்ப்பதாகச் சொல்ல முடியாது. ஆனால் வயிற்றுக்குள்ளும், அதிகச் சூட்டில் வறுபடும்போதும் அதிலிருந்து புற்றுநோயோடு தொடர்புள்ள நைட்ரோசமைன்கள் உருவாகலாம். பாக்கெட்டின் பின்பக்கம் 250 என்ற எண்ணைத் தேடுங்கள். அதுதான் சோடியம் நைட்ரைட். “கோழிதானே, மாட்டுக்கறி இல்லையே” என்ற சமாதானம் இங்கே செல்லாது. நக்கெட்டில் பெரும்பாலும் நைட்ரைட் இருக்காது. ஆனால் அதன் மேல்பூச்சு மாவும், அது குடிக்கும் எண்ணெயும் வேறு கணக்கு.

அடுத்தது உப்பு. லேபிளில் சோடியம் என்றுதான் இருக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு. பெரியவர்களுக்கே நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 100 கிராமில் 800 மில்லிகிராம் என்று போட்டிருக்கும் சாசேஜைக் குழந்தை தின்றால் என்ன கணக்கு என்று போட்டுப் பாருங்கள்.

இனி மாற்றுகள். வேகத்தில் சாசேஜை நேருக்கு நேர் ஜெயிப்பது முட்டை ஒன்றுதான். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். முந்தின இரவே அவித்து, ஓட்டோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் காலையில் மிளகுப்பொடி தூவுவது மட்டும்தான் வேலை. தினமும் முட்டையா என்று முகம் சுளிக்கும் பிள்ளைக்குத்தான் மற்றதெல்லாம்.

அப்படிப்பட்ட பிள்ளைக்கு என் முதல் சிபாரிசு கோலா உருண்டை. நக்கெட்டும் மீட்பாலும் வருவதற்கு முன்பே செட்டிநாட்டில் இருந்த பண்டம். நாம்தான் அதை விருந்துச் சாப்பாடாக்கி ஒதுக்கிவிட்டோம். அடிக்கடி செய்வதென்றால் ஆட்டுக் கொத்துக்கறிக்குப் பதில் சிக்கன் கீமா வாங்குங்கள். கழுவியதும் ஈரத்தை நன்றாகப் பிழிந்துவிட வேண்டும். உருண்டை உடைந்துபோவதற்கு முக்கியக் காரணமே இந்தத் தண்ணீர்தான். சின்ன வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், சோம்பு சேர்த்து அரைத்து, பொட்டுக்கடலை மாவு போட்டுப் பிசைந்தால் கையில் ஒட்டாத பதம் வரும். எண்ணெயில் பொரிக்காமல் பணியாரச் சட்டியில் குழிக்கு அரை ஸ்பூன் எண்ணெய் விட்டு, மூடி வைத்து, திருப்பிப் போட்டு வேகவிடுங்கள். ஒன்றைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே சிவப்பு தெரியக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை செய்து, ஆறியதும் ஃப்ரீசரில் வைத்து, தேவையானதை முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு இறக்கினால் போதும். காலையில் சட்டியில் நன்றாகச் சூடு பண்ணிக் கொடுக்கலாம். உப்பு எவ்வளவு என்பது உங்கள் கையில்.

சாண்ட்விச்சுக்குள் சலாமி வைத்துப் பழகியவர்களுக்கு, எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி. மிளகு, பூண்டு தட்டிப் போட்டுச் சிறு தீயில் வேகவைத்து, அந்தத் தண்ணீரிலேயே கொஞ்ச நேரம் விட்டால் வறண்டு போகாது. ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த பிறகு நாருக்குக் குறுக்கே மெல்லிசாக நறுக்குங்கள். மூன்று நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். சலாமியின் புளிப்பும் புகைவாசமும் இதில் கிடைக்காது. புதினாச் சட்னி தடவினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

பட்ஜெட் இடித்தால் மீல் மேக்கர். ஃப்ரிட்ஜ் இல்லாத மேன்ஷன் அறைக்கும் இதுதான் தோது. காய்ந்த நிலையில் பாதி எடை புரதம். 30 கிராம் போட்டால் சுமார் 15 கிராம் கிடைத்துவிடும். பச்சை வாடை பிடிக்காவிட்டால் வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை பிழியுங்கள். பனீரில் உப்பு குறைவு, கொழுப்பு ஜாஸ்தி. கொண்டைக்கடலைச் சுண்டலுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை, முந்தின நாளே ஊறப்போட ஞாபகம் இருந்தால். காளானும் பலாக்காயும் கறி மாதிரி மெல்ல வரும், அவ்வளவே. காளானில் 100 கிராமுக்கு 3 கிராம் அளவுக்குத்தான் புரதம். கறி போலவே செய்து விற்கும் சைவ பாக்கெட்டுகளை லேபிள் பார்க்காமல் வாங்காதீர்கள். பலவற்றில் உப்பு சாசேஜுக்குச் சளைத்ததில்லை, விலையும் கூடுதல்.

உப்புக்கண்டம் வீட்டுப் பண்டம், அதனால் நல்லது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மஞ்சளும் மிளகாயும் தடவி மொட்டைமாடிக் கொடியில் காயவிட்டதில் நைட்ரைட் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சி என்ற கணக்கில் அதுவும் வந்துவிடும். கருவாடும் உப்புதான். எப்போதாவது, கழுவி ஊறவைத்து, குழம்பில் நாலைந்து துண்டு என்று இருக்கட்டும். மீன் வேண்டுமென்றால் பச்சை மத்தியோ நெத்திலியோ வாங்குங்கள்; டிபன் பாக்ஸுக்கு வாடை ஒத்துவராது, இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே வாங்கிய பாக்கெட் ஃப்ரீசரில் கிடந்தால் தூக்கிப்போட மனசு வராது. கருக வறுக்காமல் தண்ணீரில் கொதிக்கவிட்டு, குடைமிளகாய், கோஸ், பட்டாணி நிறையப் போட்ட சாதத்தில் கொஞ்சமாக நறுக்கிச் சேர்த்துத் தீர்த்துவிடுங்கள். அடுத்த முறை அந்தக் காசுக்குக் கீமா.