கேமிங் ஹெட்போன் வாங்கப் போகிறீர்களா?

✦ பட்ஜெட் குறைவு என்றால் வயர் உள்ளதே நல்லது. சாதாரண புளூடூத்தில் ஒலி பெரும்பாலும் 0.1 முதல் 0.2 நொடி வரை பிந்தி வரும். எதிரியின் காலடிச் சத்தம் காதில் விழுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். வயர் தொல்லை வேண்டாம் என்பவர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் யூ.எஸ்.பி. டாங்கிளுடன் வருவதை வாங்கலாம்.

✦ '7.1 சரவுண்ட்' என்று அட்டைப்பெட்டியில் இருப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். மலிவு விலை ஹெட்செட்டில் பொதுவாகக் காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான். மற்றதெல்லாம் மென்பொருளின் வேலை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'விண்டோஸ் சோனிக்' இலவசமாகவே கிடைக்கிறது.

✦ ஜாக்கைக் கவனியுங்கள். அதில் மூன்று வளையங்கள் இருந்தால் ஒலிக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே ஜாக். உங்கள் டெஸ்க்டாப்பில் பச்சை, இளஞ்சிவப்பு என இரண்டு துளைகள் தனித்தனியாக இருந்தால், ஸ்ப்ளிட்டர் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள்.

✦ எடை 300 கிராமுக்குள் இருந்தால் கழுத்து வலிக்காது. குஷன் காதை முழுதாக மூட வேண்டும்; கிழிந்தால் கழற்றி மாற்ற முடிய வேண்டும். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடே போட்டுப் பாருங்கள்.

✦ உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி, 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். பிள்ளைகளுக்கு வாங்கித் தரும்போதே இதையும் சொல்லிக் கொடுங்கள்.