தொட்டால் பேசும் பலகைகள்

நுழையும்முன்

உயிரியல் பூங்காவிற்குச் சென்று திரும்பிய மாணவரிடம் என்ன கண்டாய் என்று கேட்டால், புலி, யானை, முதலை எனப் பெயர்களை அடுக்குவார். புலியைப் பற்றிப் புதிதாக என்ன அறிந்தாய் என்று கேட்டால் பெரும்பாலும் விடை வராது. கூண்டின் முன் நின்ற பலகை அவரிடம் பேசவில்லை என்பதே அதன் பொருள். அப்பலகையைப் பேச வைக்கும் கலையை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

குனிந்து நின்ற மனிதர்

அமெரிக்காவின் பாஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் செயலராகப் பணியாற்றியவர் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன். 1916ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் ஒளிப்படங்கள் பல இடம்பெற்றன. அவற்றில் ஒருவர் கண்ணாடிப் பேழைகளின் முன் நிற்கிறார். காட்சிப் பொருள்களைப் பற்றிய எளிய வினாக்களுக்கு விடை காணும்படி அவரிடம் கூறப்பட்டிருந்தது. விடை தேடி அவர் இடுப்பை வளைக்கிறார், முழங்காலை மடக்குகிறார், கழுத்தை நீட்டுகிறார். இவ்வளவு வருத்தத்தையும் எத்தனை பேழைகளுக்கு ஒருவர் தாங்குவார்? சில பேழைகளுக்குப் பின் பார்வையாளர் மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டே நடந்துவிடுவார் என்று கில்மன் எடுத்துக்காட்டினார். ‘அருங்காட்சியகச் சோர்வு’ என்பது அக்கட்டுரையின் தலைப்பு. பார்வையாளர் படிக்காமல் போனால் பார்வையாளரைக் குறைகூறுவதே அதுவரை வழக்கம். குறை பேழையிலும் பலகையிலும் இருக்கலாம் என்னும் எண்ணம் இத்தகைய ஆய்வுகளால் வேர்கொண்டது.

கண்ணாடியை விலக்கியவர்கள்

அதே பாஸ்டன் நகரின் சிறுவர் அருங்காட்சியகத்திற்கு 1962ஆம் ஆண்டு மைக்கேல் ஸ்பாக் இயக்குநரானார். எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதில் இளமை முதலே இடர்ப்பட்டவர் அவர். நீண்ட விளக்கச் சிட்டைகளைப் படிக்க இயலாத ஒரு குழந்தையின் நிலை அவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதாக இருக்கவில்லை. பேழைக்குள் பூட்டப்பட்டிருந்த பொருள்களின் இடத்தில், கையால் தொட்டும் திருப்பியும் உட்புறத்தை நோக்கியும் அறியத்தக்க காட்சிகளை அவரும் அவர்தம் குழுவினரும் அமைத்தனர்.

1969ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோவில் ‘எக்ஸ்ப்ளோரட்டோரியம்’ திறக்கப்பட்டது. அதை நிறுவிய பிராங்க் ஓப்பன்ஹெய்மர் ஓர் இயற்பியலறிஞர். அணுகுண்டுத் திட்டத்தின் ஆய்வகத்திற்குத் தலைமை தாங்கிய ராபர்ட் ஓப்பன்ஹெய்மரின் தம்பி. அரசியல் காரணங்களால் பல்கலைக்கழகப் பணியை இழந்து, கொலராடோவில் கால்நடைப் பண்ணை நடத்தி, பின்னர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்தவர். பள்ளி ஆய்வகத்தில் மாணவர் கைகள் செய்வதையே பொதுமக்கள் கைகளும் செய்யலாம் என்னும் துணிவு அவருக்கு அங்கு வாய்த்திருக்க வேண்டும். காட்சிப் பொருள்களை உருவாக்கும் பணிமனையையும் பார்வையாளர் கண்ணுக்குத் தெரியும்படியே அவர் வைத்தார். விளக்கம் கூறும் பணிக்குப் பள்ளி மாணவர்களையே அமர்த்தினார்.

பார்வையாளர் ஒரு செயலைச் செய்ய, காட்சி அதற்கு மறுமொழி தர, அம்மறுமொழியால் அவர் மேலும் ஒன்றைச் செய்யத் தூண்டப்படும் தன்மையை ‘ஊடாட்டம்’ என்பர். மூடியைத் தூக்கினால் விடை தெரியும் பலகை, சக்கரத்தைத் திருப்பினால் பருவங்கள் மாறும் படம், விலங்கின் மண்டையோட்டைத் தடவிப் பார்க்கும் வார்ப்பு, தொடுதிரை ஆகியன அதன் வடிவங்கள். இவற்றுள் தொடுதிரையே உயர்ந்தது என்று கருதுவோர் உளர். பழுதான தொடுதிரையின்மேல் ‘இயங்கவில்லை’ என்று தாள் ஒட்டியிருப்பதைக் கண்டவர்கள் அவ்வாறு கருதமாட்டார்கள். நன்கு செய்த மரமூடி ஒன்று பல ஆண்டுகள் உழைக்கும். கீல் தேய்ந்தால் ஊர்த் தச்சரே சரிசெய்வார்.

ஒரு கரடியும் இரு பலகைகளும்

தேன்கரடி இருக்கும் அடைப்பின் முன் வழக்கமான பலகை ஒன்று நிற்பதாகக் கொள்வோம். விலங்கின் அறிவியற்பெயர், குடும்பம், எடை, வாழிடம், உணவு, கருவுறு காலம் ஆகியன அதில் இருக்கும். ஒன்றும் பிழையன்று. ஆயினும் கரடியைப் பார்க்க வந்தவருக்கு அப்பலகையில் கரடியைப் பார்ப்பதற்கான வழி எதுவுமில்லை.

அதனை வேறுவகையில் எழுதலாம். ‘இக்கரடிக்கு மேல்வரிசை முன்பற்களில் நடுப்பற்கள் இரண்டு இல்லை. ஏன்?’ என்பது மூடியின் மேலுள்ள வினா. மூடியைத் தூக்கினால், கறையான் புற்றைப் பெயர்த்து, மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, அந்தப் பல்லிடுக்கு வழியே கறையான்களை உறிஞ்சும் கரடியின் படம் தெரியும். கீழே ஒரே வரி: ‘இப்போது அதன் நகங்களைப் பாருங்கள்.’ பார்வையாளரின் கண் பலகையை விட்டுக் கரடியிடம் செல்கிறது. புற்றைப் பெயர்த்த கருவி அந்த வளைந்த நீண்ட நகங்களே என்பதை அவரே கண்டறிகிறார். பலகை தன் பணியை முடித்து ஒதுங்கிக்கொள்கிறது.

மூடிப் பலகைகளில் பெரும்பாலானவை தவறுவது இவ்விடத்தில்தான். ‘உலகில் எத்தனை வகைக் கரடிகள் உள்ளன?’ என்று கேட்டுவிட்டு மூடிக்குள் எட்டு என்று எழுதியிருப்பார்கள். அவ்விடையை அடைப்பிலுள்ள கரடியைப் பார்த்து எவரும் கண்டறிய முடியாது. குழந்தை மூடியைப் படபடவென்று அடித்துவிட்டு ஓடிவிடும். கை இயங்கியது, மனம் இயங்கவில்லை. விலங்கிற்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையில் விளையாடும் குழந்தையை ஒரு பூங்கா உருவாக்கினால், அத்திரை வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களை நன்கறிந்த பிரீமன் டில்டன், 1957ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இக்கலைக்கு ஆறு நெறிகளை வகுத்தார். தகவல் மட்டும் விளக்கமாகாது என்பதும், காண்பவரின் வாழ்வோடு தொடர்புபடாத விளக்கம் பயன் தராது என்பதும் அவற்றுள் அடங்கும். பெரியவர்களுக்கு எழுதியதைச் சுருக்கிக் குழந்தைகளுக்குத் தருவதை அவர் ஏற்கவில்லை. குழந்தைகளுக்கு அடிப்படையிலேயே வேறான அணுகுமுறை வேண்டும் என்றார்.

நிலமும் வெயிலும் மொழியும்

வடிவமைப்பாளர் எதிர்கொள்ளும் இடர்களுள் பல, வரைபலகையில் தோன்றுவதில்லை; வெட்டவெளியில் தோன்றுகின்றன. அச்சு மைகளுள் மஞ்சளும் செந்நிறமும் வெயிலில் விரைந்து வெளுக்கும். நீலம் பின்தங்கி நிற்கும். சில கோடைகளைக் கண்ட பலகையில் புலி நீலப்புலியாகத் தோன்றுவது இதனால்தான். உலோகக் கைப்பிடி நண்பகலில் கையைச் சுடும். மூடியின் விளிம்பில் சிறுவிரல் நசுங்காதபடி இடைவெளி விடவேண்டும். சக்கர நாற்காலியில் வருபவரின் முழங்கால் பலகையின் அடியில் நுழையவேண்டும்; அவருடைய கண்ணுக்கும் எட்டவேண்டும். பார்வையற்றோர்க்குப் பிரெய்ல் எழுத்து மட்டும் போதாது. தடவி அறியும் காலடித் தடம், கொம்பு, செதில் ஆகியவற்றின் வார்ப்புகளும் வேண்டும். அவ்வார்ப்புகளை முதலில் தொடுபவர்கள் கண்ணுடைய குழந்தைகளே என்பது இதில் கிடைக்கும் கூடுதல் பயன்.

தமிழில் பலகை எழுதுவோர்க்குத் தனிப்பட்ட இடர் ஒன்றுண்டு. தமிழெழுத்துகள் மேலே சுழியும் கீழே காலும் கொண்டவை. வரிகளுக்கு இடையே ஆங்கிலத்தைவிட மிகுந்த இடைவெளி வேண்டும். சொற்களும் நீளமானவை. ஆங்கில வாசகத்திற்கெனக் கட்டம் வரைந்துவிட்டு, அதே கட்டத்திற்குள் தமிழை நெருக்கினால் எழுத்துச் சிறுத்துவிடும். அப்பூங்காவிற்கு வருவோருள் பெரும்பாலோர் படிக்கும் மொழியே படிக்கமுடியாததாகிவிடும். தமிழை முதலில் எழுதி அதற்கேற்பக் கட்டம் வரைவதே முறை. வாசகம் ஐம்பது சொற்களுக்குள் அமைதல் நன்று.

பலகையை வார்ப்பதற்கு முன் அட்டையில் ஒரு மாதிரி செய்து, பூங்காவிலேயே வைத்து, வருவோர் என்ன செய்கிறார்கள் என்று அருகிருந்து பார்ப்பர். சக்கரத்தை எதிர்த்திசையில் திருப்புவோர், மூடியைத் தூக்கவேண்டும் என்றே அறியாதோர், வினாவை வேறுவகையில் புரிந்துகொள்வோர் எனப் பலரும் வெளிப்படுவர். அட்டையைக் கிழித்து மீண்டும் செய்வதற்குச் செலவு சிறிது. எஃகுப் பலகையைப் பெயர்ப்பதற்குச் செலவு பெரிது.

தெரிந்து தெளிவோம்

சென்னை அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பாளரான எட்வர்டு பால்ஃபர், அவ்வளாகத்தில் உயிருள்ள விலங்குகளையும் வைத்தார். அவை மக்களைப் பெரிதும் ஈர்த்தன. 1855ஆம் ஆண்டு அங்கு உருவான விலங்குக் காட்சிசாலையே பின்னாளில் வளர்ந்து, 1985ஆம் ஆண்டு முதல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக இயங்கி வருகிறது.

கம்பிக்குப் பின்னால் ஒரு முகம்

நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில், 1963ஆம் ஆண்டு மனிதக் குரங்குகளின் கூடத்தில் புதிய கூண்டு ஒன்று வைக்கப்பட்டது. உலகிலேயே மிகக் கொடிய விலங்கு உள்ளே இருப்பதாக அறிவிப்புக் கூறியது. கம்பிகளை நெருங்கி எட்டிப் பார்த்தவர் கண்டது தம் முகத்தையே. உள்ளே இருந்தது முகம் பார்க்கும் கண்ணாடி. பொறியும் இல்லை, மின்சாரமும் இல்லை. பார்வையாளர் தாமே வந்து நின்றால்தான் அக்காட்சி நிறைவுபெறும். ஊடாட்டம் என்பதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு அரிது.

முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 1999ஆம் ஆண்டு, அதே பூங்கா காங்கோ கொரில்லாக் காட்டினை அமைத்தது. மழைக்காடு போன்ற பாதையில் நடந்து, கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கொரில்லாக் குடும்பத்தை நேருக்கு நேர் கண்டபின் பார்வையாளர் ஒரு திரையின் முன் வந்து நின்றார். அவர் செலுத்திய நுழைவுக் கட்டணம் ஆப்பிரிக்காவின் எந்தப் பாதுகாப்புப் பணிக்குச் செல்லவேண்டும் என்று அத்திரை கேட்டது. இங்குத் தொடுதிரைக்குத் தகுந்த வேலை கிடைத்தது. அடைப்புக்குள் வாழும் ஓர் உயிர், காட்டில் வாழும் தன் இனத்திற்காக இப்பக்கம் நின்ற மனிதரிடம் ஒன்றைப் பெற்றுத் தந்தது.

கற்பவை கற்றபின்

உங்கள் பள்ளி வளாகத்திலுள்ள மரம் ஒன்றுக்கு ஐம்பது சொற்களுக்குள் மூடிப் பலகை ஒன்றின் வினாவும் விடையும் எழுதுக. விடை, அம்மரத்தை உற்றுநோக்கினால் கண்டறியத்தக்கதாக அமைதல் வேண்டும். அதனை அட்டையில் செய்து மரத்தில் தொங்கவிட்டு, ஒரு நாள் முழுவதும் அதனைத் தூக்கிப் பார்ப்போர் அதன்பின் மரத்தைப் பார்க்கின்றனரா என்பதைக் குறித்து வந்து வகுப்பில் பகிர்க.