கையெழுத்துப் போடும் முன்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர். மும்பையில் தமிழர்கள் நிறைய வாழும் இடங்கள் இவை. அங்கே ஒரு தாய், காய்ச்சல் கண்ட மகனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பையனுக்கு ஒன்பது வயது.

"அம்மா, ஆராய்ச்சிக்காகவும் கொஞ்சம் இரத்தம் எடுக்கலாமா?" என்று டாக்டர் கேட்கிறார். ஒரு தாளை நீட்டுகிறார்.

ஆராய்ச்சி நல்லதுதான். குழந்தைகளின் நோய்களைத் தீர்க்க அது தேவை. ஆனால் அந்த இரத்தம் பையன் பிறருக்குத் தரும் தானம். தானத்தைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கேட்காமல் நடந்ததும் உண்டு. 2009-ஆம் ஆண்டு, அப்போது ஆந்திராவில் இருந்த கம்மம் மாவட்டம். பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஆய்வு நடந்தது. விடுதியில் தங்கிப் படித்த சிறுமிகள் பலருக்குப் பெற்றோர் சம்மதம் வாங்கவில்லை. விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டார்கள். 2010-இல் அரசு ஆய்வை நிறுத்தியது. 2013-இல் நாடாளுமன்றக் குழு இதைக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி பல நாடுகளில் போடப்படுகிறது. பெற்றோரைக் கேட்காததுதான் பெரிய தவறு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் என்ன சொல்கின்றன?

18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

7 வயது ஆகிவிட்டால் குழந்தையையும் கேட்க வேண்டும். 12 வயதுக்கு மேல் அந்தச் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும்.

ஆராய்ச்சியை முதலில் ஒரு நெறிமுறைக் குழு பார்க்க வேண்டும். அதில் டாக்டர்கள் மட்டும் இருந்தால் போதாது. சட்டம் தெரிந்தவரும், பொதுமக்களில் ஒருவரும் இருக்க வேண்டும்.

பெற்றோருக்குப் படிக்கத் தெரியாவிட்டால், பொதுவான சாட்சி ஒருவர் முன்னால் விளக்க வேண்டும்.

மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. சம்மதித்த பிறகும் விலகிக்கொள்ளலாம்.

எழுத்துத் தெரிந்தவருக்கு இங்கே ஒரு பலம் உண்டு. தாளைத் தமிழில் கேளுங்கள். நிதானமாகப் படியுங்கள். எவ்வளவு இரத்தம்? எதற்காக? மீதி இரத்தத்தை என்ன செய்வார்கள்? கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு முடிவு செய்யுங்கள். கையெழுத்துப் போட்டால், தாளின் ஒரு பிரதியை வாங்கி வையுங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. கம்மத்தில் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டது ஏன் தவறு?

2. தாய் சரி என்கிறார், பையன் வேண்டாம் என்கிறான். என்ன செய்ய வேண்டும்?