கடலில்லாத ஊரில் புயலுக்குக் காத்திருப்பது

பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து, சித்தூர்ப் பக்கத்துப் பங்காருபாளையத்தைச் சுற்றி மாந்தோப்பு வாங்குகிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். ஆவணியில் பத்திரம் முடித்து ஐப்பசியில் குடி வருகிறார்கள். வந்த கையோடு வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி என்று டிவியில் சொல்கிறான். "கடல் எங்கேயோ நூற்றைம்பது கிலோமீட்டர், நமக்கென்ன" என்று சேனலை மாற்றிவிடுகிறார்கள். இது அவர்களுக்காக எழுதுவது. இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் படித்தாலும் தப்பில்லை.

1. புயலின் பெயரைப் பார்த்துப் பயத்தை அளக்காதீர்கள். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் அதற்குப் பெயர் வைப்பார்கள். அதற்குக் கீழே இருந்தால் வெறும் தாழ்வு மண்டலம். 2021 நவம்பர் 19 விடியற்காலையில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவே கரையேறியதும் அப்படிப் பெயரில்லாத ஒன்றுதான். அது கொட்டிய மழையில் பொன்னை ஆறும் பாலாறும் கரை கொள்ளாமல் ஓடின. கடப்பை மாவட்டத்தில் செய்யேற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணையின் மண்கரை உடைந்து, ராஜம்பேட்டை பக்கத்து ஊர்கள் தூக்கம் கலைவதற்குள் அடித்துப்போயின. அதே நவம்பர் 19-ஆம் தேதி, 1977-இல், ஆந்திரக் கடற்கரையோரத் திவிசீமையில் புயலோடு கடலே ஊருக்குள் ஏறி ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. அங்கே ஆளைக் கொன்றது கடல், இங்கே மழை. பெயர் காற்றுக்கு வைப்பது. மழைக்கு அப்படி ஒரு பெயரும் கிடையாது.

நம்மூருக்கு மட்டும்தான் இப்படி என்றும் நினைக்காதீர்கள். 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் ஹெலீன் புயல் ஃபுளோரிடாவில் கரையேறியது. அதிகம் பேர் செத்தது அங்கே இல்லை. பல நூறு கிலோமீட்டர் உள்ளே, வட கரோலினாவின் மலையடிவார ஊர்களில்தான். நமக்கு மேற்கே இருக்கிற மொகிலி கணவாயைப் போன்ற இடங்கள் அவை.

2. "புயல் கரையைக் கடந்தது" என்று செய்தி வந்ததும் கடற்கரைக்காரன் மூச்சு விடுவான். நாம் அப்போதுதான் வேட்டியை மடித்துக் கட்ட வேண்டும். நிவர் புயல் 2020 நவம்பர் 25 இரவு புதுச்சேரி அருகே ஏறியது. மறுநாள் வலுவிழந்து, வடமேற்கே திரும்பி, நம் தலைக்கு மேல் வந்து பெய்தது. திருமலை மலைப்பாதையில் பாறை சரிந்தது அந்த மழையில்தான். வலுவிழந்தது என்றால் காற்று வலுவிழந்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. மழை கிழக்கே இருந்து வரும். வெள்ளம் மேற்கே இருந்து வரும். புதிதாக வருகிறவர்கள் யாரும் இதை யோசிப்பதில்லை. நமக்கு மேற்கே மொகிலி மலை, அதற்கும் மேலே பலமநேரு மேட்டுநிலம். அங்கே விழுந்து நம் பக்கம் சரிகிற தண்ணீர் ஓடையாக இறங்கி, ஏரி ஏரியாக நிரம்பி, சித்தூர் நீவா ஆற்றுக்கும் பொன்னைக்கும் போகிறது. நம் வாசலில் மழை விட்டு வெயில் அடிக்கும் நேரத்தில் ஓடை பொங்கும். ஆகவே மேற்கே இருக்கிற ஊர்களில் ஒரு தெரிந்த ஆளை வைத்துக்கொள்ளுங்கள். "மாமா, அங்கே எப்படி?" என்று ஒரு போன் போட்டால் போதும். வானிலை வரைபடத்தைவிட அந்தப் பதில் நமக்கு உதவும்.

4. மழையை அளக்கப் பழகுங்கள். பக்கம் நேராக இருக்கிற ஒரு டின்னை, கூரையோ மரமோ மறைக்காத இடத்தில், சாயாமல் ஊன்றி வையுங்கள். காலை எட்டரைக்கு ஸ்கேலை உள்ளே விட்டுப் பாருங்கள். எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறதோ அதுதான் மழை. ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிகக் கனமழை, 204.4-க்கு மேல் போனால் அதிகனமழை. ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடுவது இந்தக் கணக்கை வைத்துத்தான். நூறு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு ஏக்கரில் நாலு லட்சம் லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் ஐந்து ஏக்கர் தோப்புக்குப் பெருக்கிப் பாருங்கள். அது எந்தப் பக்கம் வடியும் என்ற கேள்வி தானாக வரும். வர வேண்டும்.

5. ஏரிக்கரை. இதை நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் நிலத்துக்கு மேலே எந்த ஏரி, அதற்கும் மேலே எந்த ஏரி, கீழே எது என்று மழைக்கு முன்பே நடந்து பார்த்துவிடுங்கள். நம் ஏரிகள் ஒன்றின் மிச்சத்தை ஒன்று வாங்கிக்கொள்கிற மாதிரி கட்டியவை. மேலே ஒன்று உடைந்தால் கீழே இருப்பது அதைத் தாங்காது. அன்னமய்யா அணையிலும் அதுதான் நடந்தது. மேலே பிஞ்சா அணையின் கரை போன தண்ணீரும் சேர்ந்து வந்து மோதியது.

ஏரி நிரம்பிக் கோடி போனால், அதாவது மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்தால் (தெலுங்குக்காரர்கள் அந்த வழியை மரவ என்பார்கள்) பயப்பட ஒன்றுமில்லை. ஊரே கூடி கங்கம்மாவுக்குத் தேங்காய் உடைத்து, ஆடு வெட்டி, தெப்பம் விடும். நீங்களும் போங்கள், பிரசாதம் வாங்கிக்கொள்ளுங்கள். கோடியில் தண்ணீர் போகிறது என்றால் கரை பிழைத்தது என்று பொருள். கோடி அடைபட்டிருந்தால்தான் ஆபத்து. மீன் பிடிக்க வலை கட்டுகிறவர்கள், கூடுதலாக நாலு நாள் தண்ணீர் நிற்கட்டும் என்று மணல் மூட்டை போட்டு உயர்த்துகிறவர்கள், எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஐப்பசி பிறக்கும் முன்பே அதையெல்லாம் எடுக்கச் சொல்லி பஞ்சாயத்தில் பேசுங்கள். மழையில் நின்று சண்டை போட முடியாது.

கரையின் வெளிப்புறம் அடியில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கசியும் தண்ணீர் தெளிவாக இருந்தால் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். பழைய கரைகள் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கலங்கி, செம்மண் நிறத்தில் வந்தால் உள்ளே மண் கரைந்து வழி உண்டாகிறது என்று அர்த்தம். நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன கருவேல மரத்தின் வேர் போன பாதை, இவற்றில்தான் அது ஆரம்பிக்கும். அப்போது போட்டோ எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் நீர்க்கட்டியைக் கூப்பிடுங்கள், கிராமச் செயலகத்துக்குச் சொல்லுங்கள், கரைக்குக் கீழே இருக்கிற வீட்டுக்காரர்களை எழுப்புங்கள். மணல் மூட்டையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். கெட்டியாக நிரப்பிய மூட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தாது, இடுக்கில் தண்ணீர் புகுந்துவிடும்.

6. தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் திரும்பி வந்துவிடுங்கள். முழங்கால் அளவு ஓடும் தண்ணீர் ஆளைச் சாய்க்கும், இரண்டடி காரையே தூக்கும். பைக்கில் போகிற பையன்களுக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், சாவியை வாங்கி வைத்துவிடுங்கள்.

7. வெளியே கொட்டும், வீட்டுக்குள் குடிக்கத் தண்ணீர் இருக்காது. இங்கே தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றில் இருக்கிறது, நூற்றுக்கணக்கான அடிக்குக் கீழே. கரண்ட் போனால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லையென்றால் குழாயில் காற்றுதான். எச்சரிக்கை வந்த அன்று மாலைக்குள் சின்டெக்ஸ், டிரம், அண்டா, குடம் எல்லாவற்றையும் நிரப்புங்கள். மாட்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கறவை மாடு ஒன்று நம் குடும்பமே குடிப்பதைவிட அதிகம் குடிக்கும். அரிசி, பருப்பு, கேஸ், டார்ச், மாத்திரை எல்லாம் சொல்லாமலே வாங்கி வைப்பீர்கள். தண்ணீரைத்தான் மறப்பீர்கள்.

8. நாலு நாள் ஊறிய மண்சுவரோரம் படுக்காதீர்கள். அதே 2021 நவம்பர் 19 காலையில், நமக்குத் தெற்கே பேரணாம்பட்டில் ஒரு வீட்டுச் சுவர் இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள், அதில் நாலு பேர் குழந்தைகள். சுவர் பெய்கிற மழையில்தான் விழும் என்று இல்லை. மழை விட்டு, ஈரம் கனத்து, மறுநாளும் விழும். பழைய வீடு வாங்கியிருந்தால் மாட்டுக்கொட்டகையின் சுவரையும் பாருங்கள். வாங்கும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை.

9. மாடு. பள்ளத்தில் கொட்டகை இருந்தால் இருட்டுவதற்கு முன்பே மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள். கட்டியே ஆகவேண்டும் என்றால் ஒரு இழுப்பில் அவிழ்கிற முடிச்சுப் போடுங்கள். நனைந்த கயிறு இறுகிக்கொண்டால் விரலால் அவிழ்க்க முடியாது. அரிவாள் ஒன்று கொட்டகைத் தூணில் தொங்கட்டும். வைக்கோலையும் கடலைக்கொடியையும் பரண் மேல் ஏற்றி தார்ப்பாய் மூடுங்கள். பூசணம் பிடித்த தீவனம் போட்டால் பால் குறைவதோடு நிற்காது, மாடும் படுத்துவிடும். பால் வண்டி இரண்டு நாள் வராமல் போகும். கறந்ததைத் தோய்த்து, கடைந்து, நெய்யாக்குங்கள். அக்கம்பக்கத்துக்குக் கொடுங்கள். பாலைக் கொட்டுவது இங்கே பழக்கம் இல்லை.

10. நைனா, டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போட நீங்கள் ஏறவேண்டாம். ஊரில் எல்லோரும் ஏறுகிறார்கள் என்பது காரணம் ஆகாது. ஈரமான ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடவேண்டாம், அறுந்து கிடக்கும் கம்பியின் அருகே போகவேண்டாம். 1912-க்கு அடியுங்கள். லைன்மேன் தாமதமாக வருவார், ஆனால் வருவார்.

11. இருட்டில் தோப்பைச் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். பக்கத்துக் கௌண்டின்யா காட்டு யானைகளுக்குப் புயல் எச்சரிக்கை எல்லாம் தெரியாது. பாம்பும் மேட்டைத் தேடித்தான் வரும், உங்கள் வீடுதான் மேடு. தரையில் பாய் போட்டுப் படுக்காமல் கட்டிலில் படுங்கள். கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

12. பயிரில் எதைக் காப்பாற்ற முடியும், எதை முடியாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். முற்றிய கடலையைப் பிடுங்கிக் கூரைக்குள் கொண்டுவந்துவிடுங்கள். நம் பக்கம் போடுகிற கொத்து ரகம் ஈரத்தில் மண்ணுக்குள்ளேயே முளை விட்டுவிடும். தக்காளியில் காய் சிவக்கத் தொடங்கியதும் பறித்துவிடுங்கள். வெல்லம் காய்ச்சுகிறவர்கள் பாகு இறக்குவதை நிறுத்திவைக்கலாம். ஈரக்காற்றில் உருண்டை கசியும். மாமரத்துக்குக் கார்த்திகையில் காய் இல்லை, ஆகவே இழப்பதற்கு மரம் மட்டும்தான். அடியில் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் எடுத்தால் போதும். மழை அதிகமானால் பெங்களூரா ரக மாவில் பூ தள்ளிப்போகும், தளிர்தான் முதலில் வரும். அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது, மருந்துக் கடைக்காரர் என்ன சொன்னாலும்.

13. போகச் சொன்னால் போங்கள். திருப்பதிக்குப் பக்கத்து ராயலசெருவு, விஜயநகர காலத்து ஏரி, 2021 வெள்ளத்தில் கரை கசிந்தது. கீழே இருந்த ஊர்களைக் காலி செய்தார்கள். கரை நின்றது, ஜனங்கள் திரும்பி வந்தார்கள். "வீணாக அலைக்கழித்தார்கள்" என்று அன்றைக்கும் சிலர் முணுமுணுத்திருப்பார்கள். முணுமுணுக்க உயிரோடு இருக்கிறவர்களின் புகார் அது. பட்டா, ஆதார், பாஸ்புக் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் தயாராக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் "ஏரி உடைந்தது" என்று வந்தால் பத்துப் பேருக்கு அனுப்பும் முன் கிராம வருவாய் அலுவலரிடம் (வி.ஆர்.ஓ.) கேளுங்கள். அவர் எடுக்கவில்லை என்றால் பேரிடர் உதவி எண் 1070 இருக்கிறது. 2022-இல் மாவட்டம் பிரித்ததிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கும் கடற்கரை உண்டு. சூலூர்ப்பேட்டை, வாகாடு பக்கம் உறவுக்காரர்கள் இருந்தால், காற்று கிளம்பும் முன்பே இங்கே வந்து தங்கச் சொல்லுங்கள். நம் வீடு மேட்டில் இருந்தால் மட்டும்.

14. இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லவேண்டும். இந்த மழை நமக்கு வேண்டும். சித்தூர்ப் பக்கம் ஆண்டு மழையில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் ஐப்பசி முதல் மார்கழி வரை விழுவது, அதில் பெரும்பங்கு வங்கக் கடல் அனுப்புவது. ஒரு நல்ல தாழ்வு மண்டலம் வராத வருஷம் சித்திரையில் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்று பாருங்கள், புரியும். அதனால் வருகிற தண்ணீரையெல்லாம் ரோட்டுக்குத் தள்ளிவிட அவசரப்படாதீர்கள். வரப்பை உயர்த்துங்கள், பண்ணைக்குட்டையைத் தூர் வாருங்கள், போர்வெல்லுக்குப் பக்கத்தில் ஊறல் குழி எடுங்கள். குழாய்க்குள் நேரே மழைத்தண்ணீரை விடாதீர்கள், சேறு போய் அடைக்கும். ஜல்லி, மணல் வழியாக இறங்கட்டும்.

15. நஷ்டஈடு மழைக்கு முன்பே தொடங்குகிறது. விதைத்ததும் ரைத்து சேவா கேந்திரத்தில் ஈ-கிராப் பதிவு செய்து, கைரேகை வைத்து, ரசீதை வாங்குங்கள். அது இல்லாதவர் பயிர் முழுக்க மூழ்கினாலும் கணக்கில் வரமாட்டார். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தால் பதிவு யார் பெயரில் என்று இப்போதே பேசிவிடுங்கள். தண்ணீர் வடியும் முன்பே, சர்வே கல்லோ மின்கம்பமோ தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு, அதாவது 33 சதவீதத்துக்குக் குறைந்த சேதத்துக்கு அரசு உதவி கிடையாது. காப்பீடு இருந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாகவேண்டும். கணக்கெடுக்கிறவர்கள் ரோட்டோரத்து நிலங்களைப் பார்த்துவிட்டுப் போகத்தான் பார்ப்பார்கள். அவர்கள் வருகிற அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் நிலத்தில் நின்று, உள்ளே கூட்டிப்போய், எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.