உடன்பாடு நாடும் வினா

அறியாததை அறிதற்கு வினாவுதல் ஒரு வகை. அறிந்ததையே, பிறரும் உடன்படுதற்பொருட்டு வினாவுதல் மற்றொரு வகை. அல்லவா, இல்லையா, தானே என்னுஞ் சொற்கள் இப்பிற்கூறிய பணிக்கு உரியன. நன்னூலார் வினாவை அறிவு, அறியாமை, ஐயுறல், கொளல், கொடை, ஏவல் என ஆறாக வகுத்தார். உடன்பாடு நாடும் வினா அவ்வாறனுள் ஒன்றிலும் முற்ற அடங்குவதன்று. ஆயின், ஏகாரத்திற்குத் தேற்றப்பொருளும் வினாப்பொருளும் அவர் கூறியிருத்தலை நோக்கின், தேற்றமும் வினாவும் ஓரிடத்தே கலத்தல் நமக்குப் புதிதன்று என்பது விளங்கும்.

புடைவை நெசவுக்குப் பெயர்பெற்ற இளம்பிள்ளையில், வணிகர் ஒருவர் நெசவாளரை நோக்கி, "வெள்ளிக்கிழமை குடுத்துருவீங்களாங்க?" என்று கேட்பதாகக் கொள்வோம். இதற்கு ஆம் எனவும் இல்லை எனவும் விடை கூறலாம். "குடுத்துருவீங்கதானுங்களே?" எனின், ஆம் என்னும் விடை வினாவிலேயே அடங்கிக் கிடக்கின்றது. கொங்கு நாட்டு 'ங்க' மரியாதை தருமேயன்றி, அவ்விடையின் நெருக்குதலைக் குறைப்பதன்று.

ஜப்பானியரது அன்றாடப் பேச்சிலும் இம்முறை உண்டு. 'அத்ஸுய் நே' என்றால், 'வெப்பமாயிருக்கிறது அல்லவா' என்பது பொருள். இருவரும் உணர்ந்ததற்கு 'நே' வரும். கேட்போர் அறியாததை உணர்த்த 'யோ' வரும். தாம் ஏறக்குறையத் துணிந்ததை உறுதி செய்துகொள்ள 'யோ நே' என இரண்டும் கூடிவரும். 'தெஷோ' என்பது குரல் உயரின் இசைவை வேண்டும். தாழின் ஊகத்தைக் குறிக்கும். 'ஜா நை' என்பதோ, நமது அல்லவா போன்றே, எதிர்மறையினின்று பிறந்தது.

ஸுஸுமு ஓனோ (1919–2008) என்னும் ஜப்பானிய அறிஞர் இரு மொழியும் உறவுடையன என வாதித்தார். மொழிநூலார் பெரும்பாலோர் அதனை ஏற்றிலர். வினை இறுதியில் நிற்க, அதன்பின் இடைச்சொல் சேரும் அமைப்பு இரண்டிற்கும் பொது. இவ்வொப்புமைக்கு அதுவே போதிய காரணமாகும்.

இன்னுமொன்று நோக்கத்தக்கது. ஜப்பானியர் உரையாடலினிடையே 'ஹை' எனின், 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதே பலவிடத்துப் பொருள், அஃது இசைவாகாது. நம் வகுப்பறையிலும், "விளங்கிற்றல்லவா?" என்றவுடன் தலைகள் அசைகின்றன, விளங்காதவன் தலையும் அவற்றோடு அசைகின்றது. "எவ்விடம் விளங்கவில்லை?" எனக் கேட்பின், அவனும் வாய் திறப்பான். உடன்பாட்டை நாடுவோர், மறுப்புக்கும் இடம் வைத்தல் வேண்டும். இடமில்லாவழிப் பெற்ற ஆம், ஆம் ஆகாது.