அஞ்சத் தக்கது எது?

உலகம் விரைவில் அழியும் என்னும் பேச்சு புதிதன்று. காலந்தோறும் தோன்றி மறைவது. 1962ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அத்தகைய பேச்சொன்று பாரத நாடெங்கும் பரவியது. ஞாயிறும் திங்களும், புதன் முதலிய ஐந்து கோள்களும், கேதுவோடு மகர இராசியில் கூடுகின்றன; இந்த அட்டக்கிரகச் சேர்க்கையால் உலகுக்கே கேடு விளையும் என்று சோதிடர் பலர் கூறினர். மக்கள் கலங்கினர். பல ஊர்களில் வேள்விகளும் கூட்டு வழிபாடுகளும் நடந்தன. குறித்த நாள்கள் வந்தன, சென்றன. கதிரவன் வழக்கம்போல் எழுந்தான். அதே திங்களில் மக்கள் மூன்றாம் பொதுத் தேர்தலில் வாக்களித்தனர்.

அவ்வாறாயின், அழிவைப் பற்றி எண்ணுவதே வீண் எனக் கொள்ளலாமோ? கொள்ளலாகாது. நகரங்கள் வீழ்ந்ததுண்டு, நாடுகள் நிலைகுலைந்ததுண்டு. காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த திருவரங்கமே அதற்குச் சான்று.

1323ஆம் ஆண்டில் உலூக்கான் தலைமையில் வந்த தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியது. ஊரார் பலர் மாண்டனர், எஞ்சியோர் சிதறினர். உலகமே முடிந்தது என்று அவர்கள் எண்ணியிருப்பினும் வியப்பில்லை. ஆயினும், பெரியோர் சிலர் செய்வதறியாது நிற்கவில்லை. முதியவராகிய பிள்ளை லோகாசாரியார், திருவிழாக்களில் எழுந்தருளும் நம்பெருமாள் திருமேனியைத் தெற்கு நோக்கி எடுத்துச் சென்றார். வழியில் சோதிஷ்குடி என்னும் ஊரில் உயிர் நீத்தார். வேதாந்த தேசிகர் அரிய உரைநூலொன்றின் சுவடிகளைக் காத்துக் கன்னட நாட்டிற்குக் கொண்டு சென்றார் என்பது மரபு. பல ஊர்களில் தங்கிய திருமேனி, 1371ஆம் ஆண்டில் விசயநகர அரசின் தலைவருள் ஒருவரான செஞ்சிக் கோபணாரியரின் முயற்சியால் மீண்டும் திருவரங்கம் சேர்ந்தது. இடையே கழிந்தவை 48 ஆண்டுகள். எடுத்துச் சென்றவருள் பலர் அந்நாளைக் காணவில்லை. எனினும், காக்க வேண்டியது எது எனத் தெளிந்து அவர்கள் காத்தமையால் ஊர் மீண்டும் தழைத்தது.

படையால் வரும் கேடு திடீரென வரும். ஆற்றால் வரும் கேடோ சிறுகச் சிறுகவும் வளரும். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகின்றது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர் மேன்மேலும் கொள்ளிடத்தில் பாய, காவிரி மணல் மேவித் தூர்ந்துவந்தது. தஞ்சை வயல்கள் பாழாகும் என்னும் அச்சம் எழுந்தது. இவ்வச்சத்திற்குக் காரணம் இருந்தது. அதனை அளந்தறியவும் முடிந்தது. ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டும் பணியைத் தொடங்கினார். அணை அமைந்த பின்னர்க் காவிரியில் நீர் மிகுந்து புதிய இடர் தோன்றியது. அங்கும் தடுப்பு அமைத்துச் சீர்செய்தனர்.

அணை கட்டியதோடு கவலை தீர்ந்துவிடுமோ? 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு, வெள்ளப் பெருக்கில் அந்தப் பழைய அணையின் ஒன்பது மதகுகள் உடைந்தன. மணல் மூட்டைகளும் பாறைகளும் இட்டு உடைப்பை அடைத்தனர். பின்னர் அருகிலேயே புதிய கதவணை எழுந்தது. முன்னோர் காத்துத் தந்ததைப் பின்னோரும் காத்தல் வேண்டும் என்பதை அவ்வுடைப்பு உணர்த்தியது.

இவற்றால் அறியத் தகுவது யாது? நாளை மட்டும் குறித்துக் காரணம் காட்டாத அச்சம் வேறு. காரணமும் காட்டி, செய்ய வேண்டிய பணியையும் காட்டும் அச்சம் வேறு. முன்னது மனத்தை முடக்கும். பின்னது கையை இயக்கும். அஞ்சத் தக்கவற்றிற்கு அஞ்சுவதை அறிவுடைமை என்னும் அதிகாரத்திலேயே வள்ளுவர் வைத்தார். இன்று புவியின் வெப்பம் மிகுவதைப் பற்றியும் கொள்ளைநோய்களைப் பற்றியும் அறிஞர் எச்சரிக்கின்றனர். அதனைக் கேட்டு நகைப்பதும் தகாது, நடுங்குவதும் தகாது. காரணம் என்ன, நம்மால் ஆவது என்ன என்று ஆராய்தலே தக்கது. உடைப்பெடுக்கும் முன்னரே கரையைப் பார்ப்பவன் ஊரைக் காப்பவன் ஆவான்.